கால் சுற்று

ஒட்டுப்பட்டறை ஏற்றம், இரண்டாம் கியர்,
பின்சீட்டில் சாந்தப்பன் வாத்தியாரும்
ரேஷன் அரிசி இருபது கிலோவும்.
டமார் என்றது.

காட்டெருமையை விரட்ட யாரோ வெடி போடுகிறார்கள் என்று
வாத்தியார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.
எனக்குத் தெரியும்,
வெடித்தது அவர் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில்.

பிளக் பிடுங்கிக்கொண்டு வயரில் தொங்கியது.
அதன் புரிகளுக்குள்
அலுமினியம் வெள்ளையாக, இழை இழையாக,
ஹெட்டின் தோல்.

ஹெட்டையே மாத்துங்க, மூவாயிரம் ஆகும்,
மரை போனா போச்சுதான் என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில்.
ஆட்டோ ஓட்டப்போகிறேன் என்றபோது
எனக்கே மரை கழன்றுவிட்டதாக லைன் முழுக்கப் பேச்சு.
கழன்றதை வைத்துக்கொண்டுதான்
ஆறு வருசம் இந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறேன்.

கோவை பஸ் கண்டக்டர் சட்டைப்பையில் வந்தது பொட்டலம்:
டேப் ஒன்று, திருகுமுனை ஒன்று,
கம்பிச்சுருள் நான்கு.
ஒரு சுருளைச் சுண்டுவிரலில்
மோதிரமாகப் போட்டுப் பார்த்தேன்.

ராத்திரி. தார்ப்பாய்மேல் மழை.
ஆரோன் டார்ச் பிடித்தார்.
டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பினேன்,
சீவல் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ள.
அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே,
எடு, துடை, மறுபடி கிரீஸ்.
டார்ச் அவ்வப்போது ஆடியது.
அவர் ஏதோ கேட்க வாயெடுக்கிறார் என்று அர்த்தம்.

சுருளைத் திருகினேன். வளை தெரிந்த நண்டுபோல
தானாக இறங்கியது.
அதன் அடியில் ஒரு வால் உண்டு, ஒடித்து எடுக்கவேண்டும்.
டிக்.
மூக்குப் பிளையரின் வாயில் ஒன்றுமில்லை.

காந்தம் விட்டேன்.
துருப்பிடிக்காத கம்பி காந்தத்தை மதிக்காது,
அடுக்களை டம்ளரைப்போல.
பிஸ்டன் தலைமேல் அரை அரிசி அளவுக்கு மினுங்கல்.
அதோடு வண்டியைக் கிளப்பினால் சிலிண்டர் முழுக்கக் கீறல்.
விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கு உருவி
நுனியில் கிரீஸ் தொட்டு விட்டேன்.
பதினோரு தடவை சும்மா வந்தது.
பன்னிரண்டாவது தடவை வாலோடு வந்தது.

அப்போதுதான் கேட்டார்:
எப்படிப் போச்சு மரை?

போன ஞாயிறு புதுப் பிளக் போட்டேன்.
கொழுந்தன் ஜெயசிங் டீயை ஊதிக்கொண்டே சொன்னான்,
அண்ணி முறுக்கினா லூசாத்தானே இருக்கும்.
அவன் போனதும்
ஸ்பானர் பிடியில் ஒன்றரை அடிக் குழாயை மாட்டினேன்.
முதல் கால் சுற்று வாஷர் கேட்டது.
இரண்டாவது, ஜெயசிங்குக்கு.
மூன்றாவது,
வீட்டுக்காரர் வரலையா என்று கேட்ட
பெர்மிட் ஆபீஸ் கண்ணாடிக்காரருக்கு.
அதற்கப்புறம் யார் யாருக்கோ.
கடைசியில் கை வெண்ணெய்க்குள் போவதுபோல் போனது.
நல்லா இறுகிடுச்சு என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழைய ஹெட்டு, தேஞ்சிருச்சு என்றேன் ஆரோனிடம்.
டார்ச் வெளிச்சம் கொஞ்ச நேரம் என் முகத்தில் நின்றது.
பிறகு பிளக்குக்குத் திரும்பியது.

உட்காரும்வரை விரலால்.
அப்புறம் ஸ்பானர், கால் சுற்று.
கை இன்னும் கொஞ்சம் கேட்டது.
ஸ்பானரைக் கீழே வைத்தேன்,
பிறகு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவைத்தேன்.

லீவரை நான்காம் தடவை இழுத்ததில் பிடித்தது.
தார்ப்பாய்க்குள் ஒரே புகை.
இருமிக்கொண்டே ஆரோன் சிரித்தார்,
கீழ்லைனில் ஒரு நாய் எழுந்து திட்டியது.

குழாயைக் கொல்லையில்
மேரக்காய்க் கொடிக்கு ஊன்றிவிட்டேன்.
பற்றுக்கம்பி விட்டுச் சுற்றிக்கொண்டது கொடி.
காய்த்ததும் முதலில் வந்து பறித்தவன் ஜெயசிங்.
பை நிரம்பிய பிறகு குழாயை அசைத்துப் பார்த்தான்.
நல்லா இறுக்கமா நட்டிருக்கீங்க அண்ணி
என்றான்.